கோபம் போட்டுவைத்த பெட்டி

செத்துப்போன புருஷனின் குரலை வைத்துக்கொள்ள மாதாமாதம் வாடகை கொடு என்று போன் கேட்டபோது, சண்முகக்கனி அதைத் தூக்கிச் சுவரில் எறிந்திருப்பாள். எறிந்தால் உள்ளே இருக்கும் குரலும் சேர்ந்து நொறுங்கிவிடுமே என்றுதான் ஓங்கிய கையை இறக்கினாள். இடம் நிறைந்துவிட்டது, பணம் கட்டு, இல்லையென்றால் பழையதை அழி என்று அது காலையில் கண் விழிக்கும்போது சொல்லும், உலை வைக்கும்போது சொல்லும், அவள் தெருமுனைக் குழியைப் பார்த்தபடி வாசலில் நிற்கும்போதும் வெட்கமில்லாமல் சொல்லும். எதை அழிப்பது? "கனி, வர நேரமாவும், நீ சாப்புட்டுரு" என்பதையா, "தேங்கா வாங்கணுமா வேண்டாமா, சட்டுனு சொல்லு" என்பதையா? ஜெயபாண்டி இருந்த காலத்தில் இப்படி ஒன்றுக்கும் உதவாத பேச்சைத்தான் பதிந்து பதிந்து அனுப்பிக்கொண்டிருந்தார். இப்போது அவரில் அவளுக்கு மிஞ்சியிருந்தது அதுதான்.

கீரைத்தோட்டத் தெருவில் பாதாளச் சாக்கடைக்கு என்று ஆள் ஆழத்துக்குமேல் குழி தோண்டிய கான்ட்ராக்டர், அதை மூடாமல், சுற்றி ஒரு கயிறுகூடக் கட்டாமல், சிவப்புத் துணி ஒன்றைக் குச்சியில் குத்தி வைக்கக்கூட மனம் இல்லாமல், ஆட்களைக் கூட்டிக்கொண்டு அடுத்த தெருவைத் தோண்டப் போய்விட்டார். மழை அடித்து, ரோடும் குழியும் ஒரே தண்ணீராய் நின்ற ஒரு சாயங்காலம், கரண்ட் போன நேரத்தில், ஸ்டெல்லா டீச்சர் வீட்டுக் கம்ப்யூட்டரைச் சரிபண்ணிக் கொடுத்துவிட்டு, பிச்சைக்கண்ணு அண்ணாச்சியின் டீக்கடையில் நின்று வாழைக்காய் பஜ்ஜி தின்றுவிட்டு, வீட்டைப் பார்க்க நடந்த ஜெயபாண்டி அந்தக் குழிக்குள் போனார். தெருவே கூடித் தூக்கியும் பிரயோஜனம் இல்லை. மறுநாள் அரசாங்கக் காகிதத்தில் 'மது அருந்திய நிலையில் தவறி விழுந்தார்' என்று ஒரு வரி ஏறியிருந்தது. இருமல் மருந்தையே முகர்ந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று தள்ளுகிற மனுஷன்மேல் அப்படி எழுதினார்கள்.

அந்த வரியை யார் எழுதியது, யார் சொல்லி எழுதியது என்பது தெருவில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். "எனக்கு உங்க நிவாரண ரூவா வேண்டாம், அந்த வரிய எடுங்க" என்று சண்முகக்கனி திங்கள்கிழமை தவறாமல் கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் நின்றாள். கோப்பு மேலே போயிருக்கிறது என்றார்கள், கீழே வரவில்லை என்றார்கள், கடைசியில் இவள் தொல்லை பொறுக்காமல், தாசில்தார் தெருவுக்கே வந்து சாட்சிகளை விசாரிப்பார் என்று சொல்லியனுப்பினார்கள். தெரு கொதித்துப்போய் இருந்தது. ஸ்டெல்லா டீச்சர் பார்த்த சாட்சி, பிச்சைக்கண்ணு பார்த்த சாட்சி, எதிர்வீட்டுக்காரி மைதீன் பாத்து பார்த்த சாட்சி. அத்தனை பேரும் சொல்லத் தயாராக நாக்கைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள். விசாரணைக்கு நாள் குறிக்கத்தான் தாமதமானது.

இந்த நாட்களில்தான் போன் வாடகை கேட்டது. சண்முகக்கனி பூட்டிக்கிடந்த புருஷனின் ரிப்பேர் கடையைத் திறந்து, யாரோ சரிபண்ணக் கொடுத்துவிட்டுத் திரும்பி வாங்க வராத ஒரு பழைய கம்ப்யூட்டரை, தூசியும் பல்லி முட்டையுமாக இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கடையில் அவரோடு கூட இருந்து வேலை செய்தவள்தானே. வீட்டுப் போட்டோ, பேச்சு எல்லாம் போட்டுவைக்க இலவசமாய் ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது, பழைய கம்ப்யூட்டர் பெட்டியே போதும், எவனுக்கும் வாடகை கட்ட வேண்டாம் என்று அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னது அவள் காதில் கிடந்தது. அதை இறக்கிப் பென்டிரைவில் ஏற்றினாள். பெட்டியைத் திறந்து ஃபேனைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினாள், ராம் மெமரியைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மறுபடி சொருகினாள், பென்டிரைவில் இருந்து எழுந்திருடா என்று டெலீட் பட்டனைக் குத்து குத்து என்று குத்தினாள். அது எழுந்திருக்கவில்லை. மறுபடி குத்தினாள், திரை விழித்தது. அவள் குத்தியதில் பாதி கான்ட்ராக்டருக்கு விழுந்தது என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா டீச்சர் பிற்பாடு சொன்னாள்.

"அக்கா, இதுல உள்ளது எல்லாமே அழிஞ்சிரும்னு போட்டிருக்கு. சரியா, வேண்டாமான்னு கேக்கு."

"அழியட்டும் டீச்சர். நம்மள கேட்டா அழிச்சாவ?"

சரி என்று தட்டினாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடி ஓடி ஓய்ந்து, கடைசியில் புள்ளி வைத்த சில எண்கள் நின்றன. அந்த எண்களைப் போனில் அடித்ததும் பெட்டியின் உள்வீடு கைக்குள் திறந்தது. ஜெயபாண்டியின் பேச்சுகளுக்கு ஒரு ஃபோல்டர் போட்டு, தனக்கு மட்டும் தெரிந்த பாஸ்வேர்டு வைத்துப் பூட்டினாள். போனில் இடமில்லை என்று தெருவில் எல்லாரும்தான் புலம்புகிறார்கள், அவர்களும் போட்டுக்கொள்ளட்டும் என்று இன்னொன்று போட்டு, அதற்கு 'பொது' என்று பேர் வைத்து, பூட்டாமல் விட்டாள். அதுதான் தப்பு, ஆனால் அந்தத் தெருவில் யாராய் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். டீக்கடைக்கு வந்த ஒற்றை இன்டர்நெட் ஒயரில்தான் தெரு முழுக்க வைஃபை ஓடியது, அதன் பாஸ்வேர்டு பிச்சைக்கண்ணுவின் கிடா ஆட்டின் பேர், அந்தக் கிடாவைத் தெரியாதவர் யாரும் இல்லை. பொதுக் குழாய்க்கு எவனாவது பூட்டுப் போடுவானா?

முதலில் கல்யாண போட்டோ வந்தது, காதுகுத்து வீடியோ வந்தது. அப்புறம் ஒருநாள் ஸ்டெல்லா டீச்சரின் பள்ளிக்கூடத் தாளாளர், பிள்ளைகள் முன்னால் வைத்து அவளை எருமை என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்தவள் கதவைச் சாத்திக்கொண்டு, தாளாளரின் ஏழு தலைமுறையையும் இழுத்துப் போட்டு வைது, அதைப் போனில் பதிந்து, அவருக்கே அனுப்பப் போய், வேலை போய்விடுமே என்று நிறுத்தி, அழிக்கவும் மனசு வராமல், பொதுவில் தூக்கிப் போட்டாள். நீலக் கோடு நகர்ந்து நகர்ந்து முழுசாய் நிறைந்த மறு நிமிஷம் அவளிடம் கோபம் இல்லை. அடங்கவும் இல்லை, ஆறவும் இல்லை, இருந்த இடமே தெரியாமல் போயிருந்தது. அவள் எழுந்து முகம் கழுவிவிட்டு இட்லிக்கு அரிசி ஊறப்போட்டாள்.

விஷயம் மறுநாளே குழாயடிக்கு வந்துவிட்டது. பெட்டியில் கோபத்தைப் போட்டால் வாங்கிக்கொள்கிறதாம் என்று ஒருத்தி சொல்ல, அப்படியா, சாம்பாரில் உப்பில்லை என்று இவர் நேற்று தட்டை எறிந்தாரே, அதைப் போட்டுப் பார்க்கிறேன் என்று இன்னொருத்தி போனாள். எப்படி வாங்குகிறது, ஏன் வாங்குகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. ரேஷன் கடையில் பருப்பு போட்டால் எந்தக் காட்டில் விளைந்தது என்றா கேட்கிறோம். மாமியாரைப் போட்டார்கள், மருமகளைப் போட்டார்கள், வேலிப் பக்கம் ஒரு முழம் தள்ளிச் சுவர் வைத்தவனைப் போட்டார்கள், வாங்கிய சைக்கிளைத் திருப்பித் தராதவனைப் போட்டார்கள். பெட்டிக்கு ஒருத்தி குங்குமம் வைத்தாள், பூசணிக்காய் சுற்றலாமா என்று இன்னொருத்தி கேட்டாள். பெட்டியின் மண்டை சூடேறியது. அந்தச் சூட்டை வீணாக்குவானேன் என்று அதன்மேல் துணி விரித்து மோர்மிளகாய் காயவைத்தார்கள், சளிபிடித்த பிள்ளைகளைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்காரவைத்தார்கள்.

தெருவில் சத்தம் குறைந்தது. குழாயடியில் முந்திக்கொண்டு குடம் வைத்தவளுக்கு, இந்தா பிடி என்று பின்னால் நின்றவள் தன் குடத்தையும் நகர்த்தி இடம் விட்டாள். கோயில் கொடைத் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று வருஷாவருஷம் மண்டை உடைகிற இடத்தில், உங்களுக்கே ஆகட்டும், இல்லை உங்களுக்கே ஆகட்டும் என்று நின்றதில் பிரசாதப் பொங்கல் ஆறி உறைந்துவிட்டது. பஞ்சாயத்துப் பேசியே வயிறு வளர்த்த ஒருத்தர் வேலையில்லாமல் டீக்கடையில் ஈ ஓட்டினார்.

ஒரே ஒரு தடவை அசம்பாவிதம் நடந்தது. மைதீன் பாத்து, அண்ணன்மேல் போட்டுவைத்த கோபத்தைக் கணக்குத் தீர்த்துவிடுவோம், அழித்துவிடுவோம் என்று திறந்தவள், அழிக்கும் முன்னால் கொஞ்சம் கேட்டுப் பார்த்துவிட்டாள். போனதெல்லாம் ஒரு சொட்டுக் குறையாமல் திரும்ப ஏறிவிட்டது. அண்ணன் வீட்டுக்குப் போய் மண்பானையைப் போட்டு உடைத்தாள். அதுகூடப் பரவாயில்லை, பக்கத்தில் இருந்து சும்மா காது கொடுத்த அவள் நாத்தனார், பிறந்ததில் இருந்து அதிர்ந்து பேசாத பெண், அவளும் கூடவே போய் இன்னொரு பானையை உடைத்தாள். கேட்டவர் யாரானாலும் ஒட்டிக்கொள்ளும் என்று தெருவுக்கு விளங்கிவிட்டது. அதற்கப்புறம் போட்டார்களே தவிர, யாரும் திறக்கவில்லை.

சண்முகக்கனி மட்டும் போடவில்லை. பெட்டி அவள் வீட்டில்தான் கொதித்துக்கொண்டு கிடந்தது, ஆனால் அவள் கோபம் அவளிடமே இருந்தது. சோற்றைப் பிசையும்போது அது எதிரில் வந்து உட்காரும், குழியைத் தாண்டும்போது இடுப்பில் ஏறிக்கொள்ளும், அதைத் தூக்கிக்கொண்டு நடப்பது அவளுக்கு வலியாகத்தான் இருந்தது.

"நீயும் போட்டுரேன் அக்கா," என்றாள் ஸ்டெல்லா டீச்சர், பாசமாகத்தான். "ஒரு நிமிஷ வேல. எவ்வளவு நாளைக்கித்தான் இத கெட்டிக்கிட்டு அழுவ?"

"நா இதையும் போட்டுட்டா, அந்த மனுசனுக்குன்னு கேக்க யாரு டீச்சர் இருக்கா?"

"நாங்க எல்லாம் இருக்கோம்லா."

சண்முகக்கனி அவள் முகத்தைப் பார்த்தாள். நல்ல முகம், தெளிந்த முகம், சுருக்கம் ஒன்றில்லாத முகம். இந்த முகம் தாசில்தார் முன்னால் என்ன சொல்லும் என்று அப்போதுதான் அவளுக்குப் பயம் தட்டியது.

அவள் பயந்தது சரிதான் என்பது விசாரணைக்கு முந்தின நாள் தெரிந்தது. கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் குமரேசன், குழி தோண்டியபோது நின்று மேற்பார்வை பார்த்த அதே ஆள், பைக்கை நிறுத்திவிட்டு டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். பழைய தெருவாய் இருந்தால் அவன் பைக்கின் இரண்டு டயரிலும் காற்று இருந்திருக்காது. பிச்சைக்கண்ணு அவனுக்கு ஏலக்காய் தட்டிப் போட்டு டீ கொடுத்தார், மைதீன் பாத்து வீட்டில் இருந்து முறுக்கு வந்தது. குடித்துவிட்டு விழுந்த ஆளுக்காக இவ்வளவு தூரம் ஆபீஸரை அலையவிடுகிறீர்களே என்று அவன் சொன்னான். தெரு சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, வந்தவன் மனம் நோகக் கூடாதே என்ற சிரிப்பு, அதுதான் சண்முகக்கனியின் நெஞ்சில் அமிலத்தை ஊற்றியது. கான்ட்ராக்டர் ஒரு பைசா செலவழிக்கவில்லை, யாரையும் மிரட்டவில்லை, அவருக்குத் தேவையானதை அவள் வீட்டுப் பெட்டியே செய்து கொடுத்துவிட்டது.

மறுநாள் முற்பகல் தாசில்தார் வந்தார். டீக்கடைக்கு முன்னால் மேஜை போட்டு, குழிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். குமரேசன் அவருக்கு இளநீர் வெட்டி நீட்டினான்.

"நீங்கதான் கடைசியா அவரப் பாத்தது?" என்று தாசில்தார் ஸ்டெல்லா டீச்சரைக் கேட்டார்.

"ஆமா சார். எங்க வீட்டுல இருந்துதான் போனாவ. நல்ல மனுஷன்."

"குடிச்சிருந்தாரா?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு சார்? போனவங்களப் பத்திப் பேசி என்ன ஆவப் போவுது."

அடுத்து பிச்சைக்கண்ணு. தோள் துண்டை இடுப்புக்கு இறக்கிக் கட்டிக்கொண்டு, "எழுதுனது எழுதுனபடியே இருக்கட்டும் ஐயா. யாருக்கும் சங்கடம் வேண்டாம்" என்றார். மைதீன் பாத்துவும் அதையே சொல்லி, வெயிலாக இருக்கிறதே, மோர் தரட்டுமா என்று விசாரித்தாள். தாசில்தார் சந்தோஷமாக எழுதிக்கொண்டே போனார். அவர்கள் பொய் சொல்லவில்லை, காசு வாங்கவில்லை, ஒருவருக்கும் அவள்மேல் வருத்தம்கூட இல்லை. தங்கள் பங்குக் கோபத்தை என்றைக்கோ ஒருநாள் மற்றதோடு சேர்த்துப் போட்டுவிட்டு லேசாய் இருந்தார்கள், அவ்வளவுதான்.

"ஏன் அண்ணாச்சி," என்றாள் சண்முகக்கனி. குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "உங்க கையால பஜ்ஜி வாங்கித் தின்னுட்டுத்தான வந்தாவ அவிய? அந்த வாயில என்ன வாட அடிச்சிச்சின்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் தாயி. அதுக்காவ இப்ப போயி சண்ட போடவா?" என்றார் அவர், மிகவும் அன்பாக.

சண்முகக்கனி போனைக் கையில் எடுத்தாள். மேஜையைச் சுற்றிக்கொண்டு டீக்கடைக்குள் ஏறினாள். காலையும் மாலையும் பாட்டுப் போடுவதற்கு என்று பிச்சைக்கண்ணு வைத்திருந்த, ஆள் இடுப்பு உயர ஸ்பீக்கர் அங்கே நின்றது. அதன் ஒயரைத் தன் போனில் சொருகினாள், பொது ஃபோல்டரைத் திறந்தாள், ஒன்று விடாமல் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தாள், ஸ்பீக்கரின் திருகு எதுவரை திரும்புமோ அதுவரை திருப்பினாள்.

முதலில் ஸ்டெல்லா டீச்சரின் குரல் வந்தது. தாளாளரின் தாத்தாவில் தொடங்கி அவர் போட்டிருக்கும் செருப்பு வரை அது வைதுகொண்டு வந்தபோது, பெஞ்சில் இருந்தவர்களின் முதுகு நிமிர்ந்தது. பின்னாலேயே மைதீன் பாத்து வந்தாள், வேலிச் சுவர்க்காரன் வந்தான், மாமியார்கள் வந்தார்கள், மருமகள்கள் வந்தார்கள், சாம்பாரும் சைக்கிளும் குடமும் வந்தன, நடுநடுவே அந்தக் குழியும் வந்தது, பாவி மூடாமப் போனானே என்று இன்னாரென்று தெரியாத ஒரு குரல், ஒரு கயிறு கெட்டினா குறஞ்சா போவான் என்று இன்னொரு குரல், தங்கமான மனுசன குடிகாரன்னு எழுதிட்டானுவளே என்று பிச்சைக்கண்ணுவின் சொந்தக் குரல். யாருடையது யாருக்கு என்று பிரித்துக் கொடுக்க ஸ்பீக்கருக்குத் தெரியாது. எல்லாருடைய கோபமும் எல்லாருக்கும் ஏறியது. வேலிச் சண்டை ஸ்டெல்லா டீச்சரின் நரம்பில் ஓடியது, மருமகளின் கொதிப்பு பிச்சைக்கண்ணுவின் மீசையில் துடித்தது, பெண்கள் கொண்டையை அவிழ்த்து முடிந்தார்கள், ஆண்கள் எழுந்து நின்றார்கள். இத்தனை கோபமும் போய்ச் சேர அந்தத் தெருவில் அப்போது ஒரே இடம்தான் வாய் பிளந்து கிடந்தது. எல்லாரும் குழியைப் பார்த்தார்கள்.

"எழுதுங்க சார்," என்றாள் ஸ்டெல்லா டீச்சர், மேஜையில் கையை அறைந்து. "நா பெத்த பிள்ளமேல சத்தியமா சொல்லுதேன், அந்த மனுஷன் குடிக்கல. எங்க வீட்டுல தண்ணி கூடக் கேட்டு வாங்கிக் குடிக்காம, இருட்டுதேன்னு கெளம்புனாவ. குழியச் சுத்தி ஒரு குச்சி கூட நிக்கல."

"முன்னால சொன்னீங்களே..."

"முன்னால சொன்னதக் கிழிச்சுப் போடும்," என்றார் பிச்சைக்கண்ணு. "கடல மாவு வாடயும் எண்ண வாடயும் தவிர அவர் வாயில ஒண்ணும் கெடையாது. எங்கிட்ட கேட்டு எழுதும்வே."

குமரேசனுக்கும் காது இருந்தது. இளநீர்க் கூட்டைக் கையில் பிடித்தபடி நின்றவன் முகம் சிவந்து, கழுத்து சிவந்து, அதைக் குழிக்குள் ஓங்கி எறிந்தான். "தகரம் வச்சு அடைக்கணும்னு நா கான்ட்ராக்டர்ட்ட தலபாடா அடிச்சேன். அது எதுக்குடா தண்டச் செலவுன்னு என்னய நாய வெரட்டுத மாதிரி வெரட்டுனாரு. குடிச்சிட்டு விழுந்தாம்னு எழுதச் சொன்னதும் அவருதான், நாந்தான் ஆபீஸுல போய்ச் சொன்னேன், இதையும் எழுதுங்க" என்று கத்தினான்.

தாசில்தார் எழுதினார். அவருக்கும் அதற்குள் ஏறிவிட்டிருந்தது. யாருக்கோ வாழ்க்கைப்பட்ட யாரோ ஒருத்தியின் பல வருஷத்து ஆத்திரம் அவர் கைக்குள் இறங்கி, பேனா முனை காகிதத்தைக் கிழித்துக்கொண்டு மேஜை விரிப்பு வரை போனது. எழுதிய முந்தைய பக்கங்களைத் தானே கசக்கினார். இத்தனை மாதமாக இதை எவன் கிடப்பில் போட்டது என்று கூட வந்த கிளார்க்கைப் பார்த்து உறுமினார், கிளார்க்கும் பதிலுக்கு உறுமினான். ஸ்பீக்கர் ஓய்ந்தது. வீட்டில் பெட்டி ஆறிக் குளிர்ந்துபோய்விட்டது என்று போய்ப் பார்த்த பிள்ளைகள் வந்து சொன்னார்கள், அதை யாரும் காதில் வாங்கவில்லை.

"படிச்சுக் காட்டுங்க சார்," என்றாள் சண்முகக்கனி.

தாசில்தார் காகிதத்தை எடுத்தார். 'ஜெயபாண்டி என்பவர் மது அருந்தியிருக்கவில்லை. மூடப்படாமல் விடப்பட்ட குழியில் விழுந்து இறந்தார்.'

"சத்தமா படிங்க. பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு சத்தமாகப் படித்தார்.

"இத அன்னைக்கே எழுதியிருந்தா உங்களுக்கு என்ன சார் கொறஞ்சிருக்கும்?"

சண்முகக்கனி டீக்கடைப் படியில் உட்கார்ந்தாள், சேலைத் தலைப்பால் முகத்தை ஒரு தரம் அழுத்தித் துடைத்தாள்.

"மறுபடியும் படிங்க," என்றாள். தாசில்தார் நாற்காலியைப் பின்னால் தள்ளி, குழியைப் பார்க்கத் திரும்பி, எழுந்து நின்று படித்தார்.